கண்ணாடியில் நிற்காத முகம்

சக்கரம் என்பது அவருக்கு யாரும் வைத்த பெயர் இல்லை, தானாக வந்து ஒட்டிக்கொண்ட பெயர். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் மிஷின் மெக்கானிக்காகச் சேர்ந்த முதல் வாரத்திலேயே, "இந்த ஆள் கால்ல சக்கரத்தைக் கட்டிக்கிட்டுல்ல திரியறாரு" என்று யாரோ சொல்லப் போக, அன்றிலிருந்து சம்பளச் சீட்டைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் அவர் சக்கரம்தான். இப்போது ஐம்பத்தேழு வயது. பெயருக்கு ஒரு நாளும் குறை வைத்ததில்லை.

உட்கார்ந்த இடத்தில் அவருக்கு இருப்புக் கொள்ளாது. சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் பாதியில் எழுந்துபோய்ச் சொட்டுகிற குழாயை இறுக்கிவிட்டு வருவார். பல் மருத்துவரிடம் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்தபோது, நாற்காலியின் மிதிகட்டை ஏன் இப்படிக் கிறீச்சிடுகிறது என்று கையால் ஜாடை காட்டிக் கேட்ட மனிதர். கல்யாணம் பேச முதன்முதலில் போன வீட்டில், பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே ஆடிக்கொண்டிருந்த முக்காலியைக் கவிழ்த்துப் போட்டு அதன் காலை முடுக்கினார். "எங்க அக்காவைப் பாக்க வந்தீங்களா, முக்காலியைப் பாக்க வந்தீங்களா" என்று மச்சான் இன்றைக்கும் கேட்பான். முப்பது வருஷமாகியும் அந்த முக்காலி ஆடவில்லை என்பதுதான் சக்கரத்தின் பதில்.

இப்படிப்பட்டவருக்கு ஒரு காலண்டர் படம் கண்ணில் பட்டது. சைக்கிளுக்கு எஞ்சின் வைத்துப் பார்த்த ஆரம்ப காலத்து வண்டி. நீளமாகப் பின்னால் வளைந்த ஹேண்டில், சுருள் கம்பி வைத்த தோல் சீட்டு, இரண்டு குழாய்களுக்கு நடுவே செருகியதுபோல் தட்டையாக ஒரு பெட்ரோல் டேங்க், கீழே ஒரு சின்ன எஞ்சின், அதிலிருந்து பின்சக்கரத்துக்கு ஒரு தோல் பெல்ட். அவ்வளவுதான் வண்டி. மாதம் முடியப் பத்து நாள் இருக்கும்போதே அவர் அந்தப் படத்தைத் தேதியோடு சேர்த்து வெட்டியெடுத்துவிட்டதால், மீதிப் பத்து நாளும் அந்த வீட்டில் தேதியே கிடையாது.

அதன் பிறகு பன்னிரண்டு வருஷத்தில் ஆறு வண்டி செய்தார். வீட்டின் பக்கவாட்டில் இருந்த குறுகிய சந்துக்குத் தகரம் போட்டு, அதுதான் பட்டறை. பழைய இரும்புக் கடையிலிருந்து சைக்கிள் சட்டம் வரும். புல் வெட்டும் மிஷினிலிருந்தோ மருந்து தெளிப்பானிலிருந்தோ எஞ்சின் வரும். தகரத்தை வெட்டி வளைத்து ஈயம் பற்றவைத்தால் டேங்க். எல்லாம் சேர்ந்து ஒரு நாள் டபடபவென்று ஓடவும் செய்யும். ஓடிய மறுநாளே அவருக்கு அதில் ஒரு குறை தெரிந்துவிடும். உடனே கழற்றுவார். கழற்றியதில் பாதி அடுத்த வண்டிக்குப் போகும். முதல் வண்டி நான்கு நாள் முழுசாக இருந்தது. மூன்றாவது பத்தொன்பது நாள் தாங்கியது, அதுவும் அவருக்கு அம்மை போட்டிருந்ததால்.

"ஓடாத வண்டியை எல்லாரும் கழட்டுவாங்க. ஓடுற வண்டியைக் கழட்ட உங்களை விட்டா ஆள் கிடையாதுங்க" என்பாள் மனைவி. அவள் ஆறு வண்டியில் ஒன்றில்கூட ஏறியதில்லை. ஏறலாம் என்று அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வருவதற்குள் வண்டி நான்கு துண்டாகக் கிடக்கும்.

மனைவி தபால்காரி. பதினோரு தெருவுக்கு அவள்தான் இருபத்தாறு வருஷம் கடிதம் கொடுத்தாள். தெருவில் எல்லோருக்கும் அவள் தபால்காரம்மா. முன்னால் ஒரு பை, பின்னால் ஒரு மூட்டை, எதிர்காற்று, ஏற்றம், நாய்கள் என்று அத்தனையையும் ஒரே சைக்கிளில் மிதித்துத் தள்ளியவள். ஓய்வு பெற்ற அன்று சாயங்காலம் அந்தச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நேராகத் தகரச் சந்துக்குள் வந்து நிறுத்தினாள்.

"இந்தாங்க, எடுத்துக்கங்க. இதுக்கு எஞ்சின் வைங்க. பின்னாடி எனக்கு ஒரு நல்ல சீட்டு வைங்க. அந்தப் பதினோரு தெருவையும் ஒரே ஒரு தடவை மிதிக்காம சுத்தி வரணும். கையில ஒரு கடுதாசி இல்லாம, யார் வீட்டு வாசல்லயும் இறங்காம. அது போதும் எனக்கு."

"ஜமாய்ச்சுடலாம்" என்றார் சக்கரம்.

"ஜமாய்க்க வேணாம். முடிச்சா போதும்."

அவருக்குச் சுருக்கென்றது. முப்பது வருஷத்தில் அவள் தனக்காகக் கேட்ட ஒரே பொருள் இது என்பது அப்போதுதான் உறைத்தது. முடித்தே தீருவது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

நாலே மாதத்தில் வண்டி நின்றது. சும்மா சொல்லக் கூடாது, ஏழு வண்டியில் இதுதான் லட்சணம். கரும்பச்சை வண்ணம். இடது பக்கம் ஒரு நெம்புகோல். அதை முன்னால் தள்ளினால் பெல்ட் இறுகிப் பின்சக்கரம் சுற்றும், பின்னால் இழுத்தால் பெல்ட் தளர்ந்து எஞ்சின் மட்டும் சும்மா ஓடும். வலது கைப்பிடியில் ஆக்ஸிலேட்டர். பின்னால் சுருள் கம்பியோடு அவளுக்கென்று ஒரு சீட்டு. டேங்கின் ஓரத்தில் வெளிர்மஞ்சளில் மெல்லிய கோடு ஒன்று இழுக்க வேண்டியிருந்தது. பழைய ஆறு வண்டியிலும் அந்தக் கோட்டை அவரே ஒரே மூச்சில் இழுத்திருக்கிறார். இந்த முறை தூரிகை சரியில்லை. வேறு தூரிகை வாங்கினார், அதுவும் சரியில்லை. கடைசியில் லேத் பட்டறை வைத்திருக்கும் மச்சான் வந்து அதே தூரிகையால் கோட்டை இழுத்துக் கொடுத்தான்.

கண்ணாடிதான் வினையைக் கொண்டுவந்தது. ஒரு பழைய ஸ்கூட்டரின் உருண்டைக் கண்ணாடியை, நீளத் தண்டோடு, வலது ஹேண்டிலில் பொருத்தியிருந்தார். முதல் ஓட்டத்துக்குக் கிளம்பும்போது மனைவி வாசலில் நின்று பார்த்தாள். பத்தடி போனதும் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். முகம் இரண்டு மூன்றாகக் கலைந்து தெரிந்தது. வண்டி அப்படி நடுங்கியது. எஞ்சினும் ஒரே சீராக இரையாமல், ஏறுவதும் இறங்குவதுமாக மூச்சு வாங்கியது.

திரும்பி வந்து சொன்னார்: "இதுல உன்னை ஏத்த முடியாது. உன் முகம் அந்தக் கண்ணாடியில அசையாம நிக்கட்டும். அன்னைக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"முகம் ஆடினா ஆடட்டுமே. எனக்கு என்ன, படமா எடுக்கப் போறாங்க?"

"இல்லம்மா. சரியில்லாத வண்டியில உன்னை எப்படி ஏத்தறது?"

அவள் பையை எடுத்துக்கொண்டு கடைக்கு நடந்து போனாள். சைக்கிளைத்தான் கொடுத்துவிட்டாளே, இனி எங்கே போனாலும் நடைதான்.

பிடித்தது சனி. எஞ்சினுக்கு அடியில் ரப்பர் வைத்தார். ரப்பரை மாற்றி இரட்டை ரப்பர் வைத்தார். ஹேண்டில் பேரிங்கை மாற்றினார். கார்புரேட்டரைக் கழற்றி, ஊதி, கழுவி, மறுபடி மாட்டினார். இப்படி ஒன்பது தடவை. வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி எஞ்சினைப் போட்டுவிட்டு அவர் தள்ளி நின்றால் தாலாட்டுப் போல ஒரே சீராக ஓடும். அவர் ஏறி ஆக்ஸிலேட்டரைப் பிடித்தாரோ இல்லையோ, மூச்சு வாங்க ஆரம்பித்துவிடும்.

"ஆள் பாத்து வேலை காட்டுது, கழுதை. பாரம் ஏறினா கோளாறு வருது. அப்போ கோளாறு உள்ள ஆழமா இருக்கு" என்று மச்சானிடம் சொன்னார். மெக்கானிக் மூளை அப்படித்தான் போகும். முப்பத்தைந்து வருஷமாக மிஷினில்தான் குறை தேடிப் பழகியவர். எத்தனையோ மிஷின்களில் கண்டும் பிடித்திருக்கிறார். வேறெங்கும் தேட அவருக்குத் தோன்றவே இல்லை.

மச்சான் பெல்ட் ஓடும் புல்லியை மூன்றாவது தடவையாகக் கடைந்துகொண்டு வந்தான். "மாமா, இதுக்கு மேல உருண்டையா வேணும்னா நிலாவைத்தான் இறக்கிக்கிட்டு வரணும்" என்றான். பிறகு அவனே வண்டியில் ஏறி ஒரு சுற்றுப் போய் வந்தான். "வழுக்கிக்கிட்டுப் போகுது மாமா. ஒரு குறையும் இல்ல."

"உனக்குக் காது மந்தம்."

"கண்ணாடியையும் பாத்தேன். பின்னாடி வந்த பால் வண்டியோட நம்பர் வரைக்கும் தெரிஞ்சுது."

"என்னைச் சமாதானப்படுத்தப் பொய் சொல்றே."

மச்சானுக்கு முகம் சுருங்கிவிட்டது. மூன்று ஞாயிற்றுக்கிழமையைச் செலவழித்துக் கடைந்து கொடுத்தவனுக்கு இது தேவையா? "சரி மாமா, நீங்களே பாத்துக்கங்க" என்று புல்லியைப் பலகை மேல் வைத்துவிட்டுப் போனவன், அப்புறம் இரண்டு வாரம் எட்டிப் பார்க்கவில்லை. சக்கரத்துக்கு அது தெரிந்ததா என்றால், தெரிந்தது. மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ஆனால் போய் ஒரு வார்த்தை பேசுவதற்குப் பதிலாக, பத்தாவது தடவையாகக் கார்புரேட்டரைக் கழற்றினார்.

தொழிற்சாலையிலும் அந்த மாதங்கள் சரியில்லை. தையல் மிஷினில் ஊசிக்கும் அதன் பின்னால் சுழலும் கொக்கிக்கும் நடுவே ஒரு தலைமுடி நுழையும் இடைவெளிதான் இருக்க வேண்டும். கூடினால் தையல் விட்டுப் போகும், குறைந்தால் ஊசி முறியும். அந்த இடைவெளியைக் கண்ணை மூடிக்கொண்டே வைக்கும் கை அவருடையது. ஒரு நாள் காலையில் மட்டும் மூன்று ஊசி முறிந்தது. மூன்றாம் வரிசையின் மேற்பார்வையாளரம்மா பக்கத்தில் வந்து நின்றாள்.

"அண்ணே, கையை யார்கிட்டயாவது காட்டுங்களேன்."

"கைக்கு ஒண்ணுமில்லம்மா. வண்டி நடுக்கம். சனி, ஞாயிறு ஓட்டறேன்ல, அது திங்கக்கிழமை வரைக்கும் கையில நிக்கும்."

"இன்னைக்கு வியாழக்கிழமைண்ணே."

அவர் சிரித்து மழுப்பிவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார். அங்கிருந்து அதற்கடுத்த வரிசைக்குப் போனார். அன்று யார் கூப்பிட்டாலும் ஓரிடத்தில் இரண்டு நிமிஷம் நிற்கவில்லை. ரப்பர் இன்னும் கொஞ்சம் தடிமனாக வைத்தால் வண்டி சரியாகிவிடும், வண்டி சரியானால் கையும் சரியாகிவிடும் என்பதுதான் அவருடைய கணக்கு. அந்தக் கணக்கை அவர் ஒரு நாளைக்கு நாற்பது தடவை போட்டுப் பார்த்துக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை, வழக்கம்போல் தொழிற்சாலைக்கு விடுமுறை. காலை ஒன்பது மணிக்கு அவர் ஸ்பேனரும் கையுமாக வண்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். மனைவி தலையை வாரிக் கொண்டையிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"எழுந்திரிங்க. இன்னைக்குப் போறோம்."

"இன்னும் ரெண்டே ரெண்டு வாஷர்..."

"நாலு மாசத்துல செஞ்சீங்க. அஞ்சு மாசமா சரி பண்றீங்க. இந்த ஊர்ல நான் நடக்காத தெரு கிடையாது. என் தம்பி வீட்டுப் பக்கம் வர்றதில்ல. முகம் ஆடுதாம், முகம். ஆடட்டும். நான் ஏறி உக்காரப் போறேன், நீங்க ஓட்டறீங்க."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். அவள் குரலை உயர்த்தாமல் பேசினால் அதற்கு மேல் பேச்சில்லை என்பது அவருக்குத் தெரியும். வண்டியைத் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். ஏறி இரண்டு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டார். அவள் பின் சீட்டில் உட்கார்ந்தாள். சுருள் கம்பி மெல்ல அமுங்கியது. "நல்லாத்தான் இருக்கு சீட்டு" என்றாள்.

அவர் இரண்டு கையாலும் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தார். அவள் முகம் அதில் வந்தது. வந்து, நடுங்கியது. மூக்கும் கண்ணும் ஒன்றோடொன்று கலைந்தன. அவருக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

"பாத்தியா? நான் சொன்னேன்ல? இரு, எஞ்சினை அணைச்சுடறேன். அந்த வாஷரை மட்டும் மாத்திட்டா..."

பின்னாலிருந்து அவள் மெதுவாகச் சொன்னாள்: "எஞ்சினை நீங்க இன்னும் போடவே இல்லீங்க."

தெரு அமைதியாகத்தான் இருந்தது. எதிர்வீட்டில் யாரோ பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது. அவர் குனிந்து பெட்ரோல் குழாயைப் பார்த்தார். மூடியிருந்தது. எஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சில்லென்று இருந்தது.

மறுபடி ஹேண்டிலைப் பிடித்தார், முகம் ஆடியது. வலது கையை எடுத்தார். முகம் நின்றது. நெற்றியில் விழுந்திருந்த ஒரு நரைமுடி வரைக்கும் துல்லியமாகத் தெரிந்தது. வலது கையை வைத்தார், ஆடியது. எடுத்தார், நின்றது. இடது கையை எடுத்துவிட்டு வலது கையை மட்டும் வைத்தார். ஆடியது. எந்தக் கோளாறையும் மூன்று தடவை சோதிக்காமல் ஒப்புக்கொள்கிறவர் இல்லை அவர். நான்காவது தடவை சோதிக்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

ஆக்ஸிலேட்டர் கம்பியை இந்தக் கைதானே இழுத்துப் பிடித்தது. கை நடுங்க நடுங்க எஞ்சின் ஏறியிறங்கி மூச்சு வாங்கியிருக்கிறது. பாவம், அது சொன்னபடி கேட்டிருக்கிறது. தூரிகையும் அப்படித்தான், ஊசியும் அப்படித்தான். மச்சானிடம் காது மந்தம் என்று சொன்னது நினைவுக்கு வந்தபோது அவமானமாக இருந்தது.

"அப்போ கார்புரேட்டர் நல்லாத்தான் இருந்திருக்கு" என்றார். வேறு என்ன சொல்வதென்று தெரியாமல் வந்த வார்த்தை அது.

"ம்."

"உனக்குத் தெரியுமா?"

"நீங்க டம்ளரைக் கீழ வைக்கும்போது சத்தம் கேக்கும். ரெண்டு மாசமா கேக்குது. வண்டியாலதான்னு நீங்க சொன்னீங்க. அப்படியே இருக்கட்டும்னு நானும் நம்பிக்கிட்டேன். வண்டின்னா நீங்க சரி பண்ணிடுவீங்கள்ல?"

அவர் கை தன்னால் சட்டைப் பையிலிருந்த ஸ்பேனருக்குப் போனது. எது உடைந்தாலும், யார் போனாலும், முதலில் அங்கேதான் போகும் அந்தக் கை. அவள் இறங்கி முன்னால் வந்து ஸ்பேனரை வாங்கித் தன் கைப்பையில் போட்டு மூடினாள்.

"இதைக் கழட்டிப் பாக்க முடியாதுங்க" என்று அவருடைய வலது கையைத் தொட்டாள். தொட்டவள் விடவில்லை. இரண்டு கைக்குள்ளும் வைத்து அழுத்திக்கொண்டாள். அப்போதும் உள்ளே அது பிடிவாதமாகத் துடித்தது. அவள் கண் கலங்கியது. அவரும் மறைக்கவில்லை.

"பின்னாடி போய் உக்காருங்க" என்றாள்.

"நீயா ஓட்டப் போறே?"

"இருபத்தாறு வருஷம் இதே ஹேண்டிலைப் பிடிச்சவ நான். எஞ்சின்தானே புதுசு, சொல்லிக் குடுங்க."

"நீ பின்னாடி உக்காந்து வரணும்னுதானே ஆசைப்பட்டே."

"மிதிக்காம போகணும்னு சொன்னேன். மிதிக்கவா போறேன்?"

பின் சீட்டில் உட்காருவது அவருக்கு வாழ்க்கையிலேயே முதல் தடவை. காலை எங்கே வைப்பதென்று தெரியவில்லை, கையை எங்கே வைப்பதென்றும் தெரியவில்லை. கடைசியில் வலது கையை அவள் தோளில் வைத்தார். பெட்ரோல் குழாயைத் திறக்கச் சொன்னார். மிதிகட்டையை நாலு சுற்றுச் சுற்றச் சொன்னார். "நாலு மிதியை மட்டும் மன்னிச்சுடறேன்" என்று சுற்றினாள். எஞ்சின் பிடித்துக்கொண்டது. "இப்போ அந்த நெம்புகோலை மெதுவா முன்னாடி தள்ளு. மெதுவா. மெதுவான்னா மெதுவா." பெல்ட் இறுகியது. வண்டி ஒரு குலுங்கு குலுங்கி, நகர்ந்து, தெருவில் இறங்கியது.

போகப் போக அவள் முதுகு நிமிர்ந்தது. "இந்தப் பச்சைக் கதவு வீட்டுக்கு வாரா வாரம் ஒரு புஸ்தகம் வரும். பிரிக்கவே மாட்டார் மனுஷன்." "இந்த மாடி ஏறி ஏறித்தான் என் முட்டி போச்சு." "இந்த நாயோட அம்மா என்னைக் கடிச்சிருக்கு." தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டே போனாள். ஒரு வாசலில் ஒரு கிழவர் பழக்கதோஷத்தில் எழுந்து கையை நீட்டினார். "இன்னைக்குக் கடுதாசி இல்லீங்க" என்று சிரித்துக்கொண்டே கடந்தாள்.

அவர் அவள் சொல்வதைக் கேட்டதாகச் சொல்ல முடியாது. அவர் காது எஞ்சினிடம் இருந்தது. ஏறவில்லை, இறங்கவில்லை. ஏற்றத்தில்கூட ஒரே சீராக இரைந்தது. தற்செயலாகக் கண்ணாடியைப் பார்த்தார். அதில் தன் முகமே இருந்தது. கண் சிவந்து, இரண்டு நாள் தாடியோடு, வயசான ஒரு முகம். அது அசையாமல் நின்றது.

தோளில் இருந்த கை மட்டும் நிற்கவில்லை. முதல் தெருவிலிருந்து ஏழாவது தெரு வரைக்கும் அவள் அதைத் தோளில் சுமந்துகொண்டேதான் ஓட்டினாள். பையும் மூட்டையும் இல்லாத சவாரிக்கு ஆசைப்பட்டவள், அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

எட்டாவது தெரு முனையில், நீல கேட் போட்ட ஒரு கட்டடத்தின் முன்னால் நெம்புகோலைப் பின்னால் இழுத்து நிறுத்தினாள். நரம்பு மருத்துவர் என்று பலகை தொங்கியது. உள்ளே இரண்டு பேர் பெஞ்சில் காத்திருப்பது தெரிந்தது.

"இங்க பதினெட்டு வருஷம் தபால் குடுத்திருக்கேன். நல்ல மனுஷர். சனிக்கிழமை பன்னெண்டு மணி வரைக்கும் இருப்பார். இறங்குங்க."

"இன்னும் மூணு தெரு பாக்கி இருக்கே. பாதியில விட்டா எப்படி?"

"வரும்போது போகலாம். நான் எங்கயும் கழட்டிப் போட மாட்டேன்."

அவர் இறங்கவில்லை. அவள் எஞ்சினை அணைக்கக் கையைக் கொண்டுபோனாள்.

"அணைக்காதே" என்றார். "ஒரே ஒரு நிமிஷம்மா. இவ்வளவு நல்லா ஓடுது. நான் உக்காந்து கேட்டதே இல்ல."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். சக்கரம் அந்தப் பின் சீட்டில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு நிமிஷம் கழிந்தும் அவள் அவசரப்படுத்தவில்லை.